பெட்டியின் இரண்டாம் பயணம்

உத்தரப் பிரதேசத்தில், புலந்த்ஷஹர் மாவட்டத்திலுள்ள குர்ஜா நகரம் பீங்கான் பாண்டங்களுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள சூளைகளில் வெந்து வெளிவரும் கோப்பைகளும் ஜாடிகளும் முன்னாளில் பெரிய பெட்டிகளில் வைக்கோலுக்கிடையே அடுக்கப்பெற்று மொத்த வியாபாரிகளின் கிடங்குகளுக்குச் சென்றன. ஒரு பெட்டியில் பல டஜன் சாமான்கள் இருக்கும். அவற்றை அடுக்குவதற்கென்றே கைதேர்ந்த ஆட்கள் இருந்தனர். இப்பொழுது அதே ஜாடி, இணையத்தின் வாயிலாக விலை பேசப்பட்டு, ஒன்றே ஒன்றாகத் தனக்கெனத் தனிப் பெட்டியில் புறப்பட்டு, கௌஹாத்தியிலோ கொச்சியிலோ ஒரு வீட்டின் வாசலைச் சென்றடைகிறது. அங்கே ஜாடி அலமாரிக்கு ஏறுகிறது. பெட்டி பரணுக்கோ குப்பைக்கோ போகிறது.

இணையவழி வாணிபம் பெருகப் பெருக, ஒரு சாமானுக்கு ஒரு பெட்டி என்னும் கணக்கில் அட்டையின் செலவும் பெருகுகிறது. பெரிய நிறுவனங்கள் தமக்கு வேண்டிய அளவில் பெட்டிகளை ஆலையிலிருந்தே தருவித்துக் கொள்கின்றன. வீட்டிலிருந்தபடியே புடவை, பொம்மை, பழைய புத்தகம், பீங்கான் முதலியவற்றை விற்கும் சிறு விற்பனையாளர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களுடைய கண் இயல்பாகவே பரண்மேல் கிடக்கும் பழைய பெட்டிகளின்மீது விழுகிறது. ஒருமுறை பயணம் செய்து வந்த பெட்டி மறுமுறையும் பயணம் செய்யுமா? செய்யுமாயின் எதைச் சுமந்து செல்லும்? இவ்வினாக்களுக்கு விடை காண, பெட்டி எப்பொருளால் ஆனது, அதன் பலம் எங்கே உறைகிறது என்பவற்றை முதலில் அறிதல் வேண்டும்.

பொதியும் பொருளை மீண்டும் உபயோகிக்கும் வழக்கம் இந்நாட்டிற்குப் புதிதன்று. மண்ணெண்ணெய் வந்த தகரம் தண்ணீர்க் குடமாயிற்று. தேயிலை வந்த ஒட்டுப்பலகைப் பெட்டி வீட்டுச் சாமான்களைச் சுமந்தது. தானியம் வந்த சணல் சாக்கு, கைமாறிக் கைமாறிக் கிழியும் வரை உழைத்தது; பழைய சாக்கு வியாபாரம் என்றே ஒரு தனி வியாபாரம் உண்டு. அஞ்சல் நிலையத்தில் பார்சல் கொடுப்போர் பெட்டியின்மேல் வெள்ளைத் துணி சுற்றித் தைத்து, தையல்மேல் அரக்கு முத்திரை பதிப்பது வழக்கம். உள்ளே இருந்தது எவ்வளவு பழைய பெட்டியாயினும், வெளியே புதுத்துணி அதனை ஒருங்கே இறுக்கிப் பிடித்துக் கொண்டது. இம்முறை வெறும் சம்பிரதாயமன்று என்பது பின்னர் விளங்கும்.

நெளிவு அட்டை

இன்றைய பெட்டிகளிற் பெரும்பாலானவை நெளிவு அட்டையால் ஆனவை. வியாபாரிகள் இதனைக் கொரகேட்டட் அட்டை என்று வழங்குவர். நெளிவுத் தாள் பெட்டிக்காகத் தோன்றியதன்று. 1856-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹீலி, ஆலன் என்னும் இருவர் உயரமான தொப்பிகளின் உட்புறத்தில் வைப்பதற்காக இதற்குக் காப்புரிமை பெற்றனர். 1871-இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் புட்டிகளையும் விளக்குக் கண்ணாடிகளையும் சுற்றியனுப்ப நெளிவுத் தாளைப் பயன்படுத்தும் முறையைக் கண்டார். மூன்றாண்டுகளுக்குப் பின் ஆலிவர் லாங் என்பவர் நெளிவின் மீது சமதளத் தாள்களை ஒட்டி, நெளிவு விரிந்து போகாதபடி செய்தார். அன்று பிறந்த அமைப்பே இன்றளவும் மாறாதிருக்கிறது.

இரண்டு சமதளத் தாள்கள். அவற்றினிடையே அலைபோல வளைந்த ஒரு தாள். இதுவே மூன்று பிளை அட்டை. மேலும் ஒரு நெளிவும் ஒரு சமதளமும் சேர்ந்தால் ஐந்து பிளை. இன்னும் ஒன்று சேர்ந்தால் ஏழு. நெளிவின் உயரத்திலும் வகையுண்டு. ‘ஏ’ வகை நெளிவு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் உயரமுடையது. ‘சி’ வகை 4, ‘பி’ வகை 3 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ‘ஈ’ வகை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேற்படாது. செருப்பு, கைப்பேசி முதலியவற்றின் சிறு பெட்டிகளுக்கு இக்கடைசி வகை உதவும்.

தனித்தாளை நிமிர்த்தி நிறுத்தினால் அது துவண்டு விழும். அதனையே வளைத்து இரு தாள்களுக்கிடையே ஒட்டிவிட்டால் ஒரு மனிதனின் எடையையும் தாங்கும். இதன் இரகசியம், தாளின் அளவைக் கூட்டாமல் கனத்தைக் கூட்டுவதில் இருக்கிறது. இரண்டு தாள்களும் ஒன்றுக்கொன்று எட்ட நிற்கின்றன. நெளிவு அவற்றை அவ்வாறே எட்ட நிறுத்தி வைக்கிறது. இரும்பு உத்திரத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் நடுத்தகட்டினால் பிரித்து நிறுத்தப்படுவதும் இதே தத்துவம்தான். ஆகவே, நெளிவு நசுங்கிவிட்டால் தாள் கிழியாதிருந்தும் அட்டையின் பலம் போய்விடும். பழைய பெட்டியைப் பற்றிய செய்திகளுள் முதன்மையானது இதுவே.

1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்த காகித இரசாயனக் கழகத்தைச் சேர்ந்த மக்கீ என்பவரும் அவருடைய துணைவர்களும் பெட்டியின் தாங்குதிறனைக் கணக்கிட ஒரு சூத்திரம் வகுத்தனர். அட்டையை விளிம்பின்மேல் நிறுத்தி அழுத்தும்போது அது தாங்கும் பளு ஒன்று. அட்டையின் கனத்தையும் பெட்டியின் சுற்றளவையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம் மற்றொன்று. இவ்விரண்டின் பெருக்கத்துக்கு ஏற்பப் பெட்டியின் தாங்குதிறன் அமைகிறது. 4 மில்லிமீட்டர் கனமுள்ள அட்டை முதற்பயணத்தில் நசுங்கி 3 மில்லிமீட்டராகிவிட்டதெனக் கொண்டால், கனக் குறைவினால் மட்டுமே நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு பலம் குறையும். விளிம்பின் பலமும் உடன் குறைவதால் உண்மையில் ஏற்படும் இழப்பு இதனினும் பெரிது. கண்ணுக்கு அப்பெட்டி ஏறத்தாழப் புதியதாகவே தோன்றும் என்பதுதான் தொல்லை.

இழையின் முதுமை

தாளின் பலம் அதன் இழைகளைப் பொறுத்தது. ஊசியிலை மரங்களின் இழை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளமுடையது. அகன்ற இலையுடைய மரங்களின் இழை 1 மில்லிமீட்டர் அளவினது. நீண்ட இழை ஒன்றோடொன்று நன்கு பின்னிக்கொள்ளும். இவ்விழைகளைக் கொண்டு ‘கிராஃப்ட்’ முறையில் செய்த தாள் மிகுந்த உறுதியுடையது. ஜெர்மன் மொழியில் அச்சொல்லுக்கே ‘வலிமை’ என்பது பொருள். இந்தியாவில் ஊசியிலை மரக் காடுகள் இமயமலைச் சாரலோடு நின்றுவிடுகின்றன. ஆதலின் இங்குப் பெட்டிக்காகச் செய்யப்பெறும் பழுப்பு நிறத் தாளிற் பெரும்பகுதி பழைய காகிதத்தையும் பழைய பெட்டிகளையும் கூழாக்கிச் செய்யப்படுவதாகும். அயல்நாடுகளிலிருந்தும் பழைய பெட்டிகள் கப்பல் கப்பலாக வந்திறங்குகின்றன. 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனா கழிவுப் பொருள்களின் இறக்குமதியை முற்றிலும் நிறுத்திய பின்னர், இந்தியக் கிராஃப்ட் தாளுக்கு அந்நாட்டில் கிராக்கி உண்டாயிற்று. அதனால் இங்குள்ள பெட்டி செய்வோர் தாள் கிடைக்காமலும் விலையேற்றத்தாலும் துன்புற்றனர். ஒரு பழைய பெட்டியின் மதிப்பு உலக வாணிபத்தோடு எவ்வாறு பிணைந்துள்ளது என்பதற்கு இது சான்று.

ஒவ்வொரு முறை கூழாகி உலரும்போதும் இழை சிறிது குறுகுகிறது. சிறிது இறுகியும் போகிறது. முதன்முறை உலர்ந்த இழை மறுபடி நீரில் ஊறினாலும் முன்போல் உப்பிப் பருப்பதில்லை. உப்பாத இழை பக்கத்திலுள்ள இழையுடன் செவ்வனே ஒட்டுவதில்லை. ஐந்து முதல் ஏழு முறை கூழானபின் இழை பெரும்பாலும் பயனற்றதாகிறது. பெட்டியைப் பெட்டியாகவே மீண்டும் உபயோகிப்பதன் மேன்மை இங்கேதான் உள்ளது. கூழாக்க நீர் வேண்டும். உலர்த்த வெப்பம் வேண்டும். இழையின் ஆயுளில் ஒரு பங்கும் செலவாகும். முழுப் பெட்டியை மறுபடி ஒட்டியனுப்புவதற்கோ ஒட்டும் நாடாவைத் தவிர வேறொன்றும் வேண்டுவதில்லை.

இந்திய வியாபாரிகள் தாளின் தரத்தைக் குறிக்க ‘பி.எப்.’ என்னும் எண்ணைக் கையாளுவர். தாளின்மேல் ஒரு ரப்பர்ச் சவ்வின் வழியாக அழுத்தம் கொடுத்து, அது வெடிக்கும் அழுத்தத்தை எடையோடு ஒப்பிட்டுக் கண்ட எண் அது. சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையும் 20 பி.எப். தரமும் கொண்ட தாள், சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோகிராம் அழுத்தத்தில் வெடிக்கும். ஆயினும் வெடிக்கும் பலம் வேறு, அடுக்கினால் தாங்கும் பலம் வேறு. உள்ளிருக்கும் புத்தகம் பெட்டியைக் குத்திக் கிழிக்குமா என்பதை முன்னது காட்டும். மேலே எட்டுப் பெட்டிகளை வைத்தால் கீழ்ப்பெட்டி நசுங்குமா என்பதைப் பின்னது காட்டும். பழைய பெட்டியில் முன்னது ஓரளவு நிலைத்து நிற்க, பின்னதே முதலில் மறைகிறது.

முதற் பயணத்தில் நேர்வது

பெட்டியின்மேல் வைக்கும் பளு நான்கு சுவர்களிலும் சமமாகப் பரவுவதில்லை. சுவரின் நடுப்பகுதி சற்றே வெளியே பிதுங்கித் தப்பித்துக்கொள்ளும். நிமிர்ந்து நிற்பவை நான்கு மூலைகளே. பளுவில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கை அவையே ஏற்கின்றன. ஒரு மூலை நசுங்கிய பெட்டி, ஒரு கால் முறிந்த நாற்காலிக்கு ஒப்பாகும்.

பளுவின் அளவு மட்டுமன்றி அது நிற்கும் காலமும் முக்கியம். ஆய்வகத்தில் ஒரு நிமிஷம் அழுத்தி உடைக்கும்போது ஒரு பெட்டி 100 கிலோகிராம் தாங்குமாயின், ஒரு மாத காலம் தொடர்ந்து சுமக்கும் நிலையில் 60 கிலோகிராம் அளவிலேயே அது அமிழ்ந்துவிடக்கூடும். காகிதம் மெல்ல மெல்ல இணங்கிப் போகும் இயல்புடையது. கிடங்கில் நாட்கணக்கில் அடியிற் கிடந்த பெட்டி, வெளியே எவ்வித அடையாளமும் காட்டாமலே தளர்ந்திருக்கும்.

இவற்றினும் கொடிய பகை ஈரம். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கையில் அட்டையில் ஏழெட்டு சதவீத நீர் இருக்கும். ஈரப்பதம் 90 சதவீதமாக உயர்ந்தால் அட்டை மேலும் நீரை ஈர்த்து, தன் தாங்குதிறனில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். இந்தியச் சோதனைச்சாலைகளில் காகிதத்தைச் சோதிக்கு முன் 27 பாகை வெப்பத்திலும் 65 சதவீத ஈரப்பதத்திலும் வைத்துப் பக்குவப்படுத்துவது இதுபற்றியே. மேல்நாட்டு அளவைகளில் கொள்ளும் வறண்ட காற்று இந்நாட்டில் ஆண்டின் பெரும்பகுதிக்கு வாய்ப்பதில்லை. மேலும், நெளிவையும் சமதளத்தையும் ஒட்டுவது பெரும்பாலும் மாவுப்பசையே. வெப்பத்தில் வெந்து பிடித்த அப்பசை, நனைந்தால் விட்டுவிடும். நனைந்து உலர்ந்த பெட்டி பார்வைக்குத் தேறியது போலிருந்தாலும் உள்ளே தாள்கள் பிரிந்து நிற்கும். அதனை எவ்வகையிலும் மறுபடி அனுப்புதல் கூடாது. பருவமழைக் காலத்தில் குர்ஜாவிலிருந்து கௌஹாத்திக்குச் சென்ற பெட்டி, கோடையில் ஜோத்பூருக்குச் சென்ற பெட்டி ஆகிய இரண்டும் ஒரே ஆலையில் ஒரே நாளில் செய்யப்பட்டவையாயினும், திரும்பி வரும்போது ஒன்றல்ல.

வாங்குவோர் ஏற்க மறுத்துத் திருப்பியனுப்பும் பார்சல்களும் உண்டு. இவ்வழக்கமும் பழையதே. இந்திய அஞ்சல் துறையில் 1877-ஆம் ஆண்டு முதல் நடைபெற்ற வி.பி.பி. முறையிலும், பணம் செலுத்த மனமில்லாதோர் பார்சலைத் திருப்பியனுப்பினர். இவ்வாறு திரும்பிய பெட்டியை விற்பனையாளர் ‘பிரிக்காத பெட்டி’ என எண்ணி அப்படியே அடுத்தவருக்கு அனுப்பிவிடுகின்றனர். அது பிரிக்கப்படாததுதான், ஆயினும் இருமுறை பயணம் செய்து களைத்தது.

சோதிக்கும் விதம்

பழைய பெட்டி இன்னும் எவ்வளவு தாங்கும் என்பதை அறிய வீட்டில் இயந்திரம் இல்லையாயினும், கையும் கண்ணும் போதிய அளவு உதவும். சுவரின் பல இடங்களில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே அட்டையை மெல்ல அழுத்திப் பார்த்தல் வேண்டும். நல்ல நெளிவு எதிர்த்து நிற்கும். நசுங்கியது மெத்தென்று இணங்கும். அறுத்த விளிம்பைப் பக்கவாட்டில் நோக்கினால் அலைகள் வட்டமாக எழுந்து நிற்கின்றனவா, சாய்ந்து கிடக்கின்றனவா என்பது தெரியும். மடிப்புக் கோடுகளில் மேற்தாள் வெடித்திருந்தால் அப்பெட்டி அம்மடிப்பிலேயே பிளக்கும். நீர்க்கறை, எண்ணெய்க் கறை, பூஞ்சை நாற்றம் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் தள்ளிவிடுதல் நலம். நெளிவுகளின் இடுக்குகள் கரப்பான் பூச்சிக்கு உகந்த இருப்பிடம். முட்டைக் கூடுகள் அங்கே ஒட்டியிருப்பதுண்டு. துணி அனுப்புவோர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும்.

ஒரு சந்தேகம் எழலாம். காஷ்மீர், இமாசலப் பிரதேசம் ஆகிய பகுதிகளிலிருந்து ஆப்பிள் வரும் பெட்டிகள் நாடெங்கும் பழக்கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன, தடித்த அட்டையாலானவை, அவை உதவாவா? உதவும், ஆனால் தோற்றத்தைப் போல் அல்ல. காற்றோட்டத்திற்கென்றும் கைபிடிக்கென்றும் இட்ட துளைகள் சுவரின் பலத்தைக் குறைப்பவை. பழம் விடும் ஈரத்தையும் அவை சில நாட்கள் உறிஞ்சியிருக்கும். துணிக்கும் மெத்தைக்கும் அவை போதும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் போதா.

உறுதி தெரியாத பெட்டியில், அது முதலிற் சுமந்து வந்த எடையில் பாதிக்கு மேல் ஏற்றாதிருத்தல் பத்திரமான வழி. இன்னும் உறுதி வேண்டுவோர் பொதிந்த பெட்டியைத் தாமே கீழே போட்டுப் பார்க்கலாம். பார்சல்களைச் சோதிக்கும் பன்னாட்டு முறையொன்றில், 9 கிலோகிராமுக்கு உட்பட்ட பெட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்து முறை விழவைப்பர்: ஒரு மூலைமீது ஒருமுறை, அம்மூலையில் கூடும் மூன்று விளிம்புகள்மீது ஒவ்வொரு முறை, ஆறு முகங்கள்மீது ஒவ்வொரு முறை. சாப்பாட்டு மேசையின் உயரமும் ஏறக்குறைய அதுவே. மூலையில் விழுந்து பிழைத்த பெட்டி பெரும்பாலும் மற்றவற்றிலும் பிழைக்கும். சோதனைக்கு விலையுயர்ந்த ஜாடியை வைக்க வேண்டுவதில்லை. அதே எடையில் ஓர் ஓட்டைச் சட்டி போதும்.

உள்ளே வைப்பவை

பெட்டி வெளியே அழுத்தத்தைத் தாங்குகிறது; அடியைத் தாங்குவது உள்ளிருக்கும் மெத்தை. 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது வினாடிக்கு 3.8 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அவ்வேகம் எவ்வளவு தூரத்தில் தணிகிறது என்பதே ஜாடியின் ஆயுளை நிர்ணயிக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் தணிந்தால் அரைக் கிலோகிராம் எடையுள்ள ஜாடியின்மீது ஏறக்குறைய 375 கிலோகிராம் பளுவை வைத்ததற்கு நிகரான விசை தாக்கும். இரண்டரை சென்டிமீட்டரில் தணிந்தால் 15 கிலோகிராமுக்கு நிகரான விசையே தாக்கும். மெத்தை செய்வது இவ்வளவுதான்: நிற்பதற்குத் தூரம் தருகிறது. முன்பே நசுங்கிய மெத்தை அத்தூரத்தைத் தராது.

ஆகவே பழைய காற்றுக் குமிழித் தாளை, அதாவது பபிள் ராப்பை, உபயோகிக்குமுன் குமிழ்கள் உயிரோடிருக்கின்றனவா என்று தடவிப் பார்த்தல் வேண்டும். 1957-இல் அமெரிக்காவில் பீல்டிங், ஷவான் என்னும் இருவர் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் செய்ய முயன்று, அது பயன்படாமற் போக, அம்முயற்சியில் தோன்றியதே இப்பொருள். கணிப்பொறிகளை அனுப்புவதற்கு அது உதவியபின்தான் உலகப் புகழ் பெற்றது. குமிழில் அடைபட்ட காற்று நாளடைவில் கசிவதால், உடையாத குமிழும் தொய்ந்திருக்கக்கூடும். அத்தகையதை ஒரு சுற்றுக்கு இரு சுற்றாகச் சுற்றலாம். தெர்மோகோலில் நூற்றுக்கு 98 பங்கு காற்று. அது ஒருமுறை பலமாக நசுங்கினால் எழுவதில்லை. பிளந்த தெர்மோகோல் துண்டுகளை மெத்தையாகக் கொள்ளாமல், இடைவெளியை நிரப்ப மட்டும் கொள்ளலாம். மின்னணுச் சாமான்களுக்குச் சாதாரணப் பாலிதீனும் தெர்மோகோலும் ஆகா. உராய்வினால் அவற்றில் எழும் நிலைமின்சாரம் நுண்சுற்றுகளைக் கெடுக்கும். அத்தகைய சாமான் எந்தப் பையில் வந்ததோ அந்தப் பையையே பத்திரப்படுத்தி மீண்டும் கொள்வது உசிதம்.

கசக்கிய செய்தித்தாள் எளிதிற் கிடைப்பது, நல்ல மெத்தையுமாகும். ஆனால் பயணத்தின் குலுக்கலில் அது அமிழ்ந்து, மேலே வெற்றிடத்தை விட்டுவிடும். அந்த வெற்றிடத்தில்தான் ஜாடி ஓடி விளையாடி உடைகிறது. இடைவெளி இல்லாதபடி இறுகத் திணித்து, மூடிய பெட்டியைக் காதருகே ஆட்டி ஒலி கேட்கிறதா எனச் சோதித்தல் வேண்டும். அச்சுமை வெள்ளைத் துணியிலும் மெருகிடாத மண்பாண்டத்திலும் படியும். உணவுப் பொருளைச் செய்தித்தாளில் பொதிவதை 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் விலக்கியிருக்கின்றன. பழைய பெட்டியின் அச்சுமையிலிருந்தும் அதற்குமுன் அதில் இருந்த பொருளிலிருந்தும் எண்ணெய்ச் சத்துகள் உணவிற் சேரக்கூடுமாதலால், ஊறுகாயையும் பலகாரத்தையும் நேராகப் பழைய அட்டையில் வைப்பதும் தகாது.

பெட்டியாக உதவாத பெட்டியும் மெத்தையாக உதவும். அட்டையை வலைபோலக் கீறித் தரும் சிறு இயந்திரங்கள் இப்பொழுது பண்டகசாலைகளில் வந்துள்ளன. கீறிய அட்டையை இழுத்தால் தேன்கூடு போல விரியும். இயந்திரம் இல்லாதோர் நல்ல பகுதிகளை வெட்டி, பலம் குன்றிய மற்றொரு பெட்டியின் நான்கு மூலைகளிலும் உட்புறமாக ‘ட’ வடிவில் செருகி வைக்கலாம். நெளிவின் கோடுகள் நிமிர்ந்து நிற்குமாறு வைப்பது இன்றியமையாதது. படுக்கைவாட்டில் வைத்த அட்டை பளுவைத் தாங்காது.

வைக்கோல் உள்நாட்டில் இன்றும் நல்ல பொருளே. வெளிநாட்டுக்கு அனுப்பும் பார்சலில் அதனை வைத்தல் கூடாது. ஆஸ்திரேலியா முதலிய நாடுகள் பூச்சியும் களைவிதையும் புகுமென்று அஞ்சி அதனைத் தடுக்கின்றன. பழைய மரப்பெட்டிகளுக்கும் இது பொருந்தும். மரத்தின் உள்ளகம் 56 பாகை வெப்பத்தில் 30 நிமிஷம் இருந்ததற்கான முத்திரை வேண்டும்.

நாடாவும் விலாசமும்

பழைய நாடாவின்மேல் புதிய நாடாவை ஒட்டுவது பலரும் செய்யும் பிழை. புதிய நாடா பழைய நாடாவைப் பிடித்துக்கொள்ளும். பழைய நாடாவோ பெட்டியை விடத் தயாராயிருக்கும். புதிய நாடா வெற்றுத் தாளின்மேல், தூசு துடைத்த இடத்தில், விளிம்பைக் கடந்து இருபுறமும் 5 சென்டிமீட்டராவது இறங்குமாறு ஒட்டப்படவேண்டும். பழைய நாடாவைப் பிய்க்கும்போது மேற்தாளும் உடன் உரிந்து வந்தால், அவ்விடம் இனிப் பசையை ஏற்காது. தண்ணீர் தடவி ஒட்டும் காகித நாடா தாளோடு தாளாக ஒன்றிவிடுவதாலும், பின்னர் பெட்டியோடு சேர்ந்தே கூழாவதாலும் இவ்விஷயத்தில் மேலானது. அஞ்சல் பார்சலின் துணியுறை இந்த இடர்ப்பாடுகள் அனைத்தையும் ஒரு தையலில் கடந்தது என்பதை இங்கே நினைவுகூரலாம்.

பழைய விலாசம் அழியாதிருந்தால் பார்சல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடக்கூடும். 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல் வழக்கத்திற்கு வந்த ஆறிலக்கப் பின்கோடு ஒரு பெட்டியில் இரண்டு இருந்தால் பிரிப்போர் எதனைக் கொள்வர்? மனிதன் ஐயுற்று நிறுத்திப் பார்ப்பான், இயந்திரம் பார்ப்பதில்லை. கோட்டுக் குறியீட்டை, அதாவது பார்கோடை, அழிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. அதன் செய்தி கோடுகளின் அகலத்திலும் இடைவெளியிலும் மட்டுமே இருக்கிறது. கோடுகளுக்குக் குறுக்கே மையினால் அடித்தால், அடிக்குமேலும் கீழும் எஞ்சிய சிறு பட்டையே படிக்கப் போதுமானது. கோடுகளின் திசையிலேயே, அவற்றின் முழு நீளத்துக்கும், தடித்த கோடு ஒன்று இட்டால் குறியீடு எவ்விடத்திலும் படிக்க இயலாததாகும். 1994-இல் ஜப்பானில் தோன்றிய சதுரக் குறியீடு, அதாவது க்யூ.ஆர். கோடு, இதனினும் பிடிவாதமுடையது. அதன் உயர்ந்த வகையில் நூற்றுக்கு 30 பங்கு அழிந்தாலும் எஞ்சியதைக் கொண்டு முழுச் செய்தியையும் மீட்டுவிடலாம். ஆகவே அதனை முழுதும் மறைத்தல் வேண்டும். மின்கலம், தீப்பற்றும் பொருள் ஆகியவற்றைக் குறிக்கும் பழைய எச்சரிக்கைச் சின்னங்களையும் விட்டுவைத்தல் ஆகாது. புடவைப் பார்சல் ஒன்று லித்தியம் மின்கலமென்று தடுத்து வைக்கப்படுவது யாருக்கும் நன்மையன்று.

கிழித்தெடுத்த சீட்டில் முன்னவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். இத்தகைய சீட்டுகள் பெரும்பாலும் வெப்பத்தால் கறுக்கும் தாளில் அச்சிடப்பட்டவை. மேலே பிளாஸ்டிக் நாடா இல்லாத சீட்டின்மீது சூடான இஸ்திரிப் பெட்டியை ஒரு கணம் வைத்தால் எழுத்தும் வெள்ளையும் ஒன்றாய்க் கறுத்துவிடும்.

எது இலாபம்

கையில் கிடைத்தது பெரிய பெட்டி என்பதற்காகச் சிறிய பொருளை அதில் அனுப்புவோர் கூலியில் இழப்பர். கூரியர் நிறுவனங்கள் பல, நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எண்ணை எடையாகக் கொள்கின்றன. 45, 45, 40 என்னும் அளவுள்ள பெட்டி இக்கணக்கில் 16.2 கிலோகிராம், 30, 25, 20 என்னும் அளவுள்ளது 3 கிலோகிராம். உள்ளிருப்பது 2 கிலோகிராம் பொருளாயினும் முன்னதற்குப் பதினாறு கிலோகிராமுக்கான கூலியே கேட்கப்படும். பெரிய பெட்டியின் மூலைகளை மேலிருந்து கீறி, சுவர்களை வேண்டிய உயரத்தில் மடித்துக் குட்டையாக்கிக் கொள்ளலாம். மழுங்கிய கத்தியின் முதுகால் முதலில் கோடு அழுத்திக்கொண்டு மடித்தால் மடிப்பு நேராக வரும்.

புத்தகம், துணி, பிளாஸ்டிக் சாமான், மரப்பொம்மை ஆகியவற்றுக்குப் பழைய பெட்டி ஐயமின்றி ஏற்றது. பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் கணக்கு வேறு. ஒரு ஜாடியின் பின்னால் வெட்டி எடுத்த களிமண், ஆயிரம் பாகைக்கு மேல் எரிந்த சூளை, மெருகு, கைவேலை, போகவரப் பயணம் இத்தனையும் உள்ளன. அது உடைந்தால் வீணாகும் எரிபொருள் ஒரு பெட்டி செய்யத் தேவைப்படுவதைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆதலின் அதற்கு வெளிப்பெட்டி புதியதாகவும் உள்மெத்தை பழையதாகவும் இருப்பது சிக்கனத்துக்கு விரோதமன்று. அல்லது, சற்றுப் பெரிய பழைய பெட்டிக்குள் சிறிய பழைய பெட்டியை வைத்து இடையே நாற்புறமும் ஐந்து சென்டிமீட்டர் மெத்தை இடலாம். இவ்விரட்டைப் பெட்டி முறை பெரும்பாலும் ஒற்றைப் புதுப்பெட்டியைவிடச் சிறப்பாகக் காக்கிறது.

பிளாஸ்டிக் கூரியர்ப் பைகளின் நிலை இதனின் வேறு. அவற்றின் வாயிலுள்ள பசை ஒருமுறைக்கே உரியது. பிரித்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே அவ்வாறு செய்யப்பட்டது. ஓரத்தில் ஒழுங்காகக் கத்தரித்துத் திறந்த பையை உட்புறம் வெளியாகத் திருப்பி, வாயை மடித்து நாடா ஒட்டி மீண்டும் ஒருமுறை அனுப்பலாம். குறுக்கே கிழித்ததை அனுப்ப முடியாது. 2022-ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள் உறுதியான பிளாஸ்டிக் கொள்கலன்களுக்கு மறு உபயோக இலக்கு வகுத்தனவேயன்றி, இத்தகைய மெல்லிய பைகளுக்கு வகுக்கவில்லை. அவற்றைக் குறைப்பதே வழி. 1966-இல் தொடங்கப்பெற்று மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் பொதிதல் கழகம், பெட்டி, பை ஆகியவற்றைச் சோதித்துச் சான்று அளிக்கிறது. மிகுதியாக அனுப்பும் கூட்டுறவுச் சங்கங்களும் கைத்தொழிலாளர் குழுக்களும் இவ்வசதியைப் பயன்படுத்திக் கொள்ளலாம்.

இரண்டு மூன்று பயணங்களுக்குப் பின் எந்தப் பெட்டியும் ஓய்ந்துவிடும். அப்பொழுது அதனைத் தட்டையாக்கி, பிளாஸ்டிக் நாடாவை உரித்துப் பழைய காகிதக் கடையில் போடவேண்டும். அங்கிருந்து அது குஜராத்திலுள்ள வாபி, உத்தரப் பிரதேசத்திலுள்ள முசாபர்நகர் போன்ற இடங்களின் ஆலைகளுக்குச் சென்று கூழாகிறது. உரிக்காத நாடாவின் பசை கூழில் சிறு சிறு பிசுக்குகளாகத் தங்கி, தாளில் துளையை உண்டாக்கும். கட்டுகளை வாங்கும்போது ஆலையினர் ஈரத்துக்கென எடையில் கழிவு பிடிப்பதும் வழக்கம். ஆகவே மழைநாளில் வாசலில் போட்டுவைத்த பெட்டிக்குப் பாதி விலையும் கிடைப்பது அரிது.